கட்டணத்துக்கு வரம்பு உண்டு, காலி ஓட்டத்துக்கு இல்லை: செயலி வாடகைக் கார் விதிகளும் நகர நெரிசலும் - ஒரு விளக்கம்

புதுடெல்லி: மாலை 6 மணிக்கு மழை தூறத் தொடங்கியதும் பெங்களூருவிலோ டெல்லியிலோ மும்பையிலோ செயலியில் வாடகைக் கார் தேடுவோர் இரண்டு சிக்கல்களை ஒருசேரச் சந்திக்கின்றனர். கட்டணம் ஏறுகிறது, காரும் எளிதில் கிடைப்பதில்லை. அதே வேளையில் சாலையில் ஊர்ந்து கொண்டிருக்கும் வாகனங்களுக்கு நடுவே பயணி எவரும் இல்லாத வாடகைக் கார்களும் நிற்கின்றன. அவற்றில் சில, 3 கி.மீ. தொலைவில் காத்திருக்கும் பயணியை ஏற்றச் செல்பவை. மற்றவை அடுத்த அழைப்பை எதிர்பார்த்துச் சுற்றிக் கொண்டிருப்பவை.

இத்தகைய வாடகைக் கார் சேவைகளுக்கான திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் 2025 ஜூலை 1 அன்று வெளியிட்டது. எவ்வளவு கட்டணம் வாங்கலாம், ஓட்டுநருக்கு எவ்வளவு தர வேண்டும், பயணத்தை ரத்து செய்தால் என்ன அபராதம் என்பன போன்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை உண்டு. ஆனால் நகர நெரிசலுக்கு அவற்றில் எவ்வளவு விடை இருக்கிறது? விதிகளின் பின்னணி, அவற்றின் உள்ளடக்கம், நெரிசலுடன் அவற்றுக்கு உள்ள தொடர்பு ஆகியவற்றை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

விதிகள் உருவான வரலாறு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது கைப்பேசிச் செயலி என்ற ஒன்று இல்லை. ஒரு வாடகைக் கார் ஓட வேண்டுமெனில் அதன் உரிமையாளர் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதிச் சீட்டு பெற வேண்டும்; கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கும். அந்த ஏற்பாட்டில் அரசு, உரிமையாளர், பயணி ஆகிய மூவர் மட்டுமே இருந்தனர்.

ஓலா நிறுவனம் 2010இல் தொடங்கப்பட்டது. ஊபர் 2013இல் பெங்களூரு வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. இந்நிறுவனங்கள் தங்களைப் போக்குவரத்து நிறுவனங்களாக அல்லாமல், பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் தொழில்நுட்ப நிறுவனங்களாகவே முன்னிறுத்தின. எனவே அவை எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்பதே முதலில் தெளிவாகவில்லை.

2014 டிசம்பரில் டெல்லியில் செயலி வழியாகப் பதிவு செய்த காரில் சென்ற பெண் பயணி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதைத் தொடர்ந்து, ஓட்டுநரின் பின்னணியைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. 2015 அக்டோபரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரைக் குறிப்பை அனுப்பியது. 2016இல் கர்நாடக அரசு செயலி நிறுவனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்து, உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது.

தேசிய அளவில் தெளிவு கிடைத்தது 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம்தான். பயணியை ஓட்டுநருடன் இணைக்கும் மின்னணு இடைத்தரகர் அல்லது சந்தைத் தளத்தை 'அக்ரிகேட்டர்' என்று அச்சட்டம் வரையறுத்தது. திருத்தப்பட்ட 93ஆவது பிரிவின்படி, இத்தகைய நிறுவனம் மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும். உரிமமின்றி இயங்கினால் 25,000 ரூபாய்க்குக் குறையாமலும் 1 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும் அபராதம் விதிக்கலாம். உரிமம் வழங்கும்போது மத்திய அரசின் நெறிமுறைகளை மாநில அரசு பின்பற்றலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. 'பின்பற்றலாம்' என்பதே அதன் சொல். பின்பற்றியே ஆக வேண்டும் என்று அது கூறவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுவதற்கு அடிப்படை இதுதான்.

இதன் தொடர்ச்சியாக, மோட்டார் வாகன அக்ரிகேட்டர் வழிகாட்டு நெறிமுறைகள் முதலில் 2020 நவம்பர் 27 அன்றும், திருத்தப்பட்ட வடிவில் 2025 ஜூலை 1 அன்றும் வெளியாயின. மூன்று மாதங்களுக்குள் புதிய நெறிமுறைகளை ஏற்குமாறு மாநிலங்கள் கேட்டுக் கொள்ளப்பட்டன.

2025 நெறிமுறைகளின் முக்கிய அம்சங்கள்

* மாநில அரசு அறிவிக்கும் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை செயலி நிறுவனம் வசூலிக்கலாம். தேவை குறைவான நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை குறைக்கலாம்.

* ஓட்டுநர் தமது சொந்தக் காரை ஓட்டினால், அவருக்குச் சேர வேண்டிய பங்கு கட்டணத்தில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கார் நிறுவனத்துக்குச் சொந்தமானதெனில் இந்தப் பங்கு குறைந்தபட்சம் 60 சதவீதம்.

* ஏற்றுக்கொண்ட பயணத்தை ஓட்டுநர் தக்க காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். காரணமின்றி ரத்து செய்யும் பயணிக்கும் இதே அளவு பொருந்தும்.

* அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கி.மீ. தூரத்துக்கானது. பயணியை ஏற்ற ஓட்டுநர் காலியாக வரும் தூரத்தையும் எரிபொருளையும் ஈடுசெய்வதே இதன் நோக்கம். பயண தூரம் 3 கி.மீ.க்குக் குறைவாக இருக்கும் நேர்வு தவிர, காலியாக வந்த தூரத்துக்குப் பயணியிடம் தனியே கட்டணம் வாங்கக் கூடாது.

* ஓட்டுநருக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும், 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் இருப்பதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும்.

* வாகனத்தில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்டு, அதன் தகவல் மாநில அரசின் கட்டுப்பாட்டு மையத்துடன் இணைக்கப்பட வேண்டும்.

* உரிமக் கட்டணம் 5 லட்சம் ரூபாய். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இவை அனைத்தும் ஒரு பயணத்தை மையமாகக் கொண்டவை. அந்தப் பயணம் பாதுகாப்பானதா, கட்டணம் நியாயமானதா, ஓட்டுநருக்கு உரிய பங்கு கிடைத்ததா என்பதை அவை கவனிக்கின்றன. ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்கும் வரை அந்தக் கார் சாலையில் என்ன செய்கிறது என்பது பெரும்பாலும் இவற்றின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

கட்டணம் ஏன் ஏறி இறங்குகிறது?

தேவை அதிகரிக்கும் நேரத்தில் கட்டணத்தை உயர்த்துவதற்குச் செயலி நிறுவனங்கள் கூறும் காரணம் எளிமையானது. கட்டணம் உயர்ந்தால் அவசரம் இல்லாத பயணிகள் சற்றுக் காத்திருப்பார்கள். வேறு பகுதியில் இருக்கும் ஓட்டுநர்கள் தேவை மிகுந்த பகுதிக்கு வருவார்கள். இதனால் மிக அவசரமானவருக்குக் கார் கிடைக்கும். ஆனால் சாலையே அடைபட்டிருக்கும்போது, அதிகக் கட்டணத்தைப் பார்த்து வர விரும்பும் ஓட்டுநரும் வந்து சேர முடிவதில்லை. பயணி கூடுதலாகச் செலுத்துகிறார். காத்திருப்பு மட்டும் குறைவதில்லை.

எவ்வளவு உயர்வை அனுமதிக்கலாம் என்பதில் மத்திய அரசின் நிலைப்பாடே பலமுறை மாறியுள்ளது. 2016 டிசம்பரில் வெளியான டாக்சி கொள்கை வழிகாட்டுதல்கள் பகலில் 3 மடங்கு வரையும், நள்ளிரவுக்குப் பின் 4 மடங்கு வரையும் அனுமதிக்கப் பரிந்துரைத்தன. 2020 நெறிமுறைகள் அதை 1.5 மடங்காகக் குறைத்தன. 2025இல் அது 2 மடங்கானது.

மாநிலங்கள் வேறு வழிகளையும் முயன்றுள்ளன. டெல்லியில் 2016 ஏப்ரலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் வாகனத் திட்டம் நடைமுறையில் இருந்தபோது, கட்டண உயர்வுக்கே மாநில அரசு தடை விதித்தது. கர்நாடகம் 2024 பிப்ரவரியில் செயலிக் கார்களுக்கும் மற்ற வாடகைக் கார்களுக்கும் ஒரே சீரான கட்டணத்தை அறிவித்தது. அதன்படி 10 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள கார்களுக்கு முதல் 4 கி.மீ.க்கு 100 ரூபாய். அதன் பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் 24 ரூபாய்.

இந்தக் கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், 10 கி.மீ. பயணத்துக்கு 244 ரூபாய் ஆகும். இதையே அடிப்படைக் கட்டணமாக வைத்து மத்திய நெறிமுறைகளின் வரம்பைப் பொருத்தினால், அதே பயணத்துக்கு அதிகபட்சம் 488 ரூபாயும் குறைந்தபட்சம் 122 ரூபாயும் வாங்கலாம். குறைந்தபட்சக் கட்டணத்தில் ஓட்டுநரின் 80 சதவீதப் பங்கு 97 ரூபாய் 60 காசு. அந்தப் பயணியை ஏற்ற அவர் 5 கி.மீ. காலியாக வந்திருந்தால், மொத்தம் 15 கி.மீ. ஓட்டியதற்கு அவர் பெறுவது கி.மீ.க்கு சுமார் 6 ரூபாய் 50 காசு மட்டுமே. எரிபொருள், காரின் மாதத் தவணை, பராமரிப்பு, காப்பீடு அனைத்தும் இதிலிருந்தே வர வேண்டும். உரிய தொலைவுக்கு மேல் அழைப்பு வந்தால் ஓட்டுநர்கள் தயங்குவதற்கும், 'எங்கே செல்ல வேண்டும்' என்று கேட்டுவிட்டு ரத்து செய்வதற்கும் இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

காலி ஓட்டமும் நெரிசலும்

வாடகைக் கார் நெரிசலைக் குறைக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. சொந்தக் கார் நாளின் பெரும் பகுதியை நிறுத்துமிடத்தில் கழிக்கிறது. ஒரே வாடகைக் கார் ஒரு நாளில் பலருக்குப் பயன்படுகிறது. வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை செல்ல வாடகை வாகனம் கிடைத்தால், சொந்தக் காரை எடுக்காமல் ரயிலில் செல்வோர் உண்டு.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. சொந்தக் காரில் 10 கி.மீ. செல்பவர் சாலையில் 10 கி.மீ. தூரத்தையே பயன்படுத்துகிறார். அதே பயணத்துக்கு வாடகைக் கார் வந்தால், பயணியை ஏற்ற வந்த தூரமும், இறக்கிய பின் அடுத்த அழைப்புக்காகச் சுற்றும் தூரமும் அதனுடன் சேர்கின்றன. அந்தப் பயணி முன்பு பேருந்தில் சென்றவர் எனில், சாலைக்கு முற்றிலும் புதிதாக ஒரு கார் வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றுடன், நிறுத்துமிடம் இல்லாத சாலைகளில் பயணியை ஏற்றவும் இறக்கவும் இடதுபுறத் தடத்திலேயே கார் நிற்கும்போது பின்னால் வரும் பேருந்துகள் உட்பட அனைத்தும் தடைபடுகின்றன.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் போக்குவரத்து ஆணையம் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. 2010 முதல் 2016 வரை அந்நகரில் அதிகரித்த நெரிசலில் ஏறக்குறைய பாதிக்குச் செயலி வாடகைக் கார்களே காரணம் என்று அது கண்டறிந்தது. எஞ்சியதற்கு மக்கள்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் வளர்ச்சி முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது.

இந்திய நகரங்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த இயலாது. இங்கு இருசக்கர வாகனங்களின் பங்கு மிக அதிகம். சாலைப் பணிகள், நடைபாதை ஆக்கிரமிப்பு, பேருந்துப் பற்றாக்குறை என நெரிசலுக்குக் காரணங்கள் பல. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் குறியீட்டின்படி 10 கி.மீ. தூரத்தைக் கடக்கக் கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேலும், புனேயில் 33 நிமிடங்களுக்கு மேலும் ஆகிறது. இந்தத் தாமதத்துக்கு வாடகைக் கார்களை மட்டும் பொறுப்பாக்குவது பொருந்தாது. எனினும் காலி ஓட்டத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இங்கும் முக்கியமானது. பயணியிடம் அதை வசூலிக்கக் கூடாது என்கிறது விதி. நிறுவனம் அதைச் சுமக்க வேண்டும் என்று விதி கூறவில்லை. எனவே 3 கி.மீ. அடிப்படைக் கட்டணத்தில் அடங்காத செலவு ஓட்டுநரையும், சாலை இடத்தின் இழப்பு நகரத்தையும் சேர்கின்றன.

கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கலாமா?

சட்டத்தில் இதற்கு வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 74ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவின்படி, மத்திய அரசு பணித்தால், 5 லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில் ஒப்பந்த ஊர்திகளின் எண்ணிக்கைக்கு மாநில அரசு வரம்பு விதிக்கலாம். வாகனங்களின் எண்ணிக்கை, சாலைகளின் நிலை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு இதைச் செய்ய வேண்டும். வாடகைக் கார், ஆட்டோ இரண்டும் ஒப்பந்த ஊர்தி என்ற வகையிலேயே அடங்கும்.

ஆனால் வரம்பு விதித்த அனுபவம் எச்சரிக்கையாகவே அமைந்துள்ளது. டெல்லியில் ஆட்டோக்களின் எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 1997இல் முடக்கியது. காற்று மாசைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். புதிய அனுமதிச் சீட்டு கிடைக்காததால் பழைய சீட்டுகள் பெருந்தொகைக்குக் கைமாறின. பல ஓட்டுநர்கள் கடன் கொடுத்தவர்களின் பிடியில் சிக்கினர். அதே காலத்தில் சொந்தக் கார்களின் எண்ணிக்கை எந்தத் தடையும் இன்றி வளர்ந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை 1 லட்சமாக உயர்த்தியது.

செயலிக் கார்களுக்கு நகர அளவில் வரம்பு விதிப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. பல கார்கள் அகில இந்திய சுற்றுலா அனுமதியுடன் ஓடுகின்றன. ஹரியானாவிலோ உத்தரப் பிரதேசத்திலோ பதிவான கார் டெல்லியில் பயணிகளை ஏற்றுகிறது. ஒரு மாநிலத்தின் வரம்பு மட்டும் அங்கே பலன் தராது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் 2018இல் புதிய வாடகைக் கார் உரிமங்களை நிறுத்தி வைத்தது. அத்துடன் வேறொரு வழியையும் கையாண்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய விதியில், ஓட்டுநரின் நேரத்தில் எவ்வளவு பங்கு பயணியுடன் கழிகிறது என்பது கணக்கில் சேர்க்கப்பட்டது. கார்கள் அதிக நேரம் காலியாக இருந்தால், நிறுவனம் ஒவ்வொரு பயணத்துக்கும் கூடுதலாகத் தர வேண்டும். காலி ஓட்டத்தின் விலையை நிறுவனத்தின் கணக்கில் ஏற்றும் முயற்சி இது. இதற்கும் எதிர்விளைவு இருந்தது. 2024இல் கார்கள் காலியாக இருக்கும் நேரத்தைக் குறைத்துக் காட்ட, தேவை குறைந்த வேளைகளில் ஓட்டுநர்கள் செயலிக்குள் நுழையவிடாமல் நிறுவனங்கள் தடுத்ததாக ஓட்டுநர்கள் போராடினர்.

ஒரே காரில் பலர்: சட்டம் போட்ட முட்டுக்கட்டை

நெரிசலைக் குறைக்க மிக எளிய வழி, ஒரே திசையில் செல்லும் இருவரை ஒரே காரில் ஏற்றுவது. ஆனால் ஒப்பந்த ஊர்தி என்பது ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு ஒரே ஒப்பந்தத்தின் கீழ் செல்வது. வழியில் வேறு பயணிகளை ஏற்றி இறக்குவது பேருந்து போன்ற தடவழி ஊர்திகளுக்கே உரியது. இந்த வரையறையைக் காட்டி, 2017இன் தொடக்கத்தில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை பகிர்வுப் பயணச் சேவையை நிறுத்துமாறு செயலி நிறுவனங்களைப் பணித்தது. நெரிசலுக்குப் பெயர் பெற்ற நகரத்திலேயே, நெரிசலைக் குறைக்கக்கூடிய சேவை அனுமதி விதிகளுடன் மோதியது.

2020 நெறிமுறைகள் பகிர்வுப் பயணத்துக்கு இடம் அளித்தன. பெண் பயணிகள் பெண்களுடன் மட்டும் பயணிக்கும் தெரிவும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்குள் கொரோனா பரவலால் 2020 மார்ச்சிலேயே நிறுவனங்கள் பகிர்வுச் சேவையை நிறுத்தியிருந்தன.

பைக் டாக்சி விவகாரத்திலும் இதே போன்ற முரண்பாடு தென்படுகிறது. மாநில அரசு உரிய விதிகளை வகுக்கும் வரை பைக் டாக்சிகள் இயங்கக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 ஏப்ரலில் உத்தரவிட்டார். ஜூன் 16 முதல் அச்சேவை நிறுத்தப்பட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. அடுத்த இரு வாரங்களில் வெளியான மத்திய நெறிமுறைகள், போக்குவரத்து வாகனமாகப் பதிவு செய்யப்படாத மோட்டார் சைக்கிள்களையும் பயணிகளுக்காகப் பயன்படுத்த மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று கூறின. நெரிசலும் மாசும் குறையும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் முதலானது. 2025 நெறிமுறைகளில் நெரிசல் நேரடியாகக் கணக்கில் எடுக்கப்பட்ட இடங்களில் இது ஒன்று.

சந்தா முறை கொண்டு வந்த மாற்றம்

இதற்கிடையே தொழில் நடக்கும் முறையே மாறி வருகிறது. 2022 நவம்பரில் பெங்களூருவில் அறிமுகமான நம்ம யாத்ரி செயலி ஓட்டுநர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை; குறைந்த தினசரிக் கட்டணம் செலுத்தினால் போதும் என்ற முறையை அது பரவலாக்கியது. பின்னர் மற்ற பெரிய நிறுவனங்களும் ஆட்டோக்களிலோ கார்களிலோ சந்தா முறைக்கு மாறின.

ஓட்டுநருக்கு இது நன்மையே. பயணி தரும் பணம் முழுவதும் அவருக்கே சேர்கிறது. ஆனால் நெரிசலின் கோணத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கமிஷன் முறையில் பயணம் நடந்தால்தான் நிறுவனத்துக்கு வருமானம். சந்தா முறையில், ஓட்டுநர் சந்தா செலுத்தியதுமே நிறுவனத்துக்கு வருமானம் வந்துவிடுகிறது. அவருக்கு அன்று எத்தனை பயணங்கள் கிடைத்தன என்பது அதைப் பாதிப்பதில்லை. எனவே தேவைக்கு மேல் ஓட்டுநர்களைச் சேர்ப்பதால் ஏற்படும் இழப்பு முழுவதும் ஓட்டுநர்களிடையே பங்கிடப்படுகிறது.

விதிகளும் இந்த மாற்றத்தைப் பின்தொடரத் திணறுகின்றன. சந்தா மட்டும் வாங்கும் நிறுவனம் பயணக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி செலுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு, கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் இரு வேறு நிறுவனங்களின் மனுக்களில் இரு வேறு முடிவுகளை வழங்கியது. கட்டணத்தில் 80 சதவீதம் ஓட்டுநருக்கு என்ற விதியும், பயணி நேரடியாக ஓட்டுநரிடம் பணம் தரும் முறையில் பெரிய பொருள் கொண்டதாக இல்லை.

சாலைக்குக் கட்டணம், மின்சாரக் கார்: இவை தீர்வாகுமா?

லண்டன் மாநகரின் மையப் பகுதிக்குள் நுழையும் வாகனங்களுக்கு 2003 முதல் நெரிசல் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வாடகைக் கார்களுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2019 ஏப்ரல் 8 அன்று நீக்கப்பட்டது. கறுப்பு டாக்சிகளுக்கான விலக்கு மட்டும் தொடர்ந்தது. நியூயார்க் 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் தெற்குப் பகுதிக்கு இத்தகைய கட்டணத்தை நடைமுறைப்படுத்தியது. அங்கு பெரும்பாலான சொந்தக் கார்களுக்குப் பகல் நேரத்தில் ஒரு நாளைக்கு 9 டாலர். செயலிக் காரில் செல்பவருக்கு ஒரு பயணத்துக்கு ஒன்றரை டாலர்.

இந்தியாவில் டெல்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களில் இந்த யோசனை பலமுறை பேசப்பட்டும் நடைமுறைக்கு வரவில்லை. கட்டணம் விதித்தால் மக்கள் மாற்றாகப் பயன்படுத்தப் போதிய பேருந்துகள் உள்ளனவா என்ற கேள்வியே ஒவ்வொரு முறையும் முதலில் எழுகிறது.

மறுபுறம் மின்சார வாகனங்களுக்கு மாறும் திட்டங்கள் வேகம் பெற்றுள்ளன. 2023 நவம்பரில் டெல்லி அரசு அறிவித்த திட்டத்தின்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்களை இயக்கும் செயலி நிறுவனங்களும் விநியோக நிறுவனங்களும் 2030 ஏப்ரல் 1க்குள் முழுமையாக மின்சார வாகனங்களுக்கு மாற வேண்டும். காற்று மாசைக் குறைக்க இது உதவும். ஆனால் பயணி இல்லாமல் சுற்றும் மின்சாரக் காரும் சாலையில் அதே அளவு இடத்தையே எடுத்துக்கொள்ளும். மாசுக்கான தீர்வையும் நெரிசலுக்கான தீர்வையும் ஒன்றாகக் கருத முடியாது.

முடிவெடுக்க வேண்டியவர் யார்?

உரிமமும் கட்டணமும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. சாலையில் வாகனங்களை ஒழுங்குபடுத்துவது போக்குவரத்துக் காவல்துறை. நிறுத்துமிடமும் நடைபாதையும் மாநகராட்சியிடம் உள்ளன. மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் தனித்தனி அமைப்புகள். ஒரு மெட்ரோ நிலைய வாசலில் கார்கள் எங்கே நின்று பயணிகளை ஏற்ற வேண்டும் என்பதை முடிவு செய்யவே இவை அனைத்தும் ஒன்றுகூட வேண்டியுள்ளது. வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நகரப் போக்குவரத்தின் இலக்காக இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. செயலி வாடகைக் கார் விதிகள் அந்தக் கொள்கையுடன் இன்னும் முழுமையாக இணைக்கப்படவில்லை.

இணைப்பதற்கான கருவி புதிய நெறிமுறைகளிலேயே இருக்கிறது. வாகனத்தின் இருப்பிடத் தகவல் மாநிலக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும் என்ற விதி பயணியின் பாதுகாப்புக்காக வகுக்கப்பட்டது. தனிநபர் விவரங்களை நீக்கிவிட்டு அதே தகவலைத் தொகுத்தால், எந்தச் சாலையில் எந்த நேரத்தில் எத்தனை கார்கள் காலியாக ஓடுகின்றன, எந்த இடத்தில் ஏற்றி இறக்கத் தனி இடம் தேவை என்பதை நகர நிர்வாகம் அறியலாம். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது காலி ஓட்டத்தின் அளவையும் ஒரு நிபந்தனையாக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. உரிம நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரம் 93ஆவது பிரிவின் கீழ் மாநிலங்களிடமே உள்ளது.

அதுவரை பயணிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தாங்கள் வசிக்கும் மாநிலம் 2025 நெறிமுறைகளை ஏற்றுள்ளதா, அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என அறிவித்துள்ளதா என்பதைப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்புகளில் சரிபார்க்கலாம். அடிப்படைக் கட்டணம் அறிவிக்கப்படாத இடத்தில் 'இரு மடங்கு வரை' என்ற வரம்பை அளந்து பார்க்க வழியில்லை. கூடுதல் கட்டணம் குறித்துப் புகார் அளிக்க விரும்புவோர், பயண ரசீதையும் முன்பதிவின்போது காட்டப்பட்ட கட்டணத்தின் திரைப்பதிவையும் பாதுகாத்து வைப்பது உதவும்.

மாநிலங்கள் இனி வகுக்கவுள்ள விதிகளில், ஒரு பயணத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியுடன், பயணி இல்லாமல் ஓடும் தூரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் இடம் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே, இவ்விதிகள் நகர நெரிசலுக்கும் பயன்படுமா என்பது தெரியவரும்.